ஹாட் யோகா இலக்கணம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு உரியது

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்று பவணந்தி முனிவர் நன்னூலில் அடித்துச் சொல்லிவிட்டதால், ஹாட் யோகாவையும் பாயிரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்பு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எட்டையும் பொருத்திப் பார்ப்போம். பொருந்தாத இடத்தில் இலக்கணத்தை வளைக்கக் கூடாது. யோகாவைத்தான் வளைக்க வேண்டும், அது வளைவதற்கென்றே பிறந்தது.

ஆக்கியோன் பிக்ரம் சௌத்ரி. கல்கத்தாக்காரர், 1970-களில் அமெரிக்கா போய்க் கலிபோர்னியாவில் கடை விரித்தவர். வழி, அவருடைய ஆசான் பிஷ்ணு சரண் கோஷ் வழி. கோஷ், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. 1923-இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கி, எடை தூக்குவோருக்கும் ஆசனம் பயில்வோருக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் கொடுத்தவர். எல்லை சொல்ல வேங்கட மலையும் குமரி முனையும் இங்கே தேவையில்லை. நான்கு சுவர், சாத்திய கதவு, 105 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் (நம் கணக்கில் ஏறக்குறைய 40.5 செல்சியஸ்), காற்றில் 40 விழுக்காடு ஈரப்பதம், 90 நிமிடம். எல்லை அவ்வளவுதான். யாப்பு: 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி. வரிசை மாறினால் தளை தட்டும்.

நூற்பெயரில் ஒரு சிக்கல். முதலில் இதற்கு ஆக்கியோன் பெயரே நூற்பெயர். 2013 முதல் அவர்மேல் பாலியல் வன்முறை, துன்புறுத்தல் வழக்குகள் வரிசையாக வந்தன. 2016-இல் அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர் தொடுத்த வழக்கில் நடுவர் குழு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக்கியோன் அமெரிக்காவை விட்டே கிளம்பினார். அவர் பெயரைப் பலகையில் வைத்திருந்த கூடங்கள் பல அதை அழித்துவிட்டு ‘ஹாட் யோகா’ என்று எழுதிக்கொண்டன. ஆசிரியர் போனார், அடுப்பு மட்டும் எரிகிறது.

இது முதனூலா, வழிநூலா, சார்பு நூலா என்று வகுத்துக்கொள்வது உரைகாரன் கடமை. இந்த 26-இன் வரிசை என் படைப்பு, நான் சொல்லாமல் யாரும் சொல்லித்தரக் கூடாது என்று ஆக்கியோன் பதிப்புரிமை கேட்டார். அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அதை மறுத்தது. உடல்நலத்துக்கான ஒரு செய்முறை இது, செய்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு முன்பே நம் அரசு விழித்துக்கொண்டு, பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் ஆசனங்களைப் பழைய நூல்களிலிருந்து தொகுத்துப் பதியத் தொடங்கியிருந்தது. கோஷ் சொல்லித்தந்ததிலிருந்து எடுத்துக் கோத்த சார்பு நூல் இது என்று முடிப்பதே முறை.

நுதலிய பொருளில் ஒரு குறை உண்டு. ஆசனப் பெயர்களில் கருடன், ஒட்டகம், முயல், நாகம், வெட்டுக்கிளி, ஆமை எல்லாம் வருகின்றன. மற்ற யோகா வகுப்புகளில் எல்லாம் தவறாமல் இருக்கும் அதோமுக சுவானாசனம், அதாவது நாய் குனிந்து சோம்பல் முறிக்கும் நிலை, இந்த 26-இல் இல்லை. 2005-இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இடம்பிடித்த ராஜபாளையம் நாயின் ஊர் இது. மற்றதை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுப்பது கடினம்.

கேட்போர், பயன் இரண்டும் பெரிய விஷயம். தனித்தனி இயலாகப் பின்னால் வரும்.

வெக்கையியல்

அறையைச் சூடாக்கும் யோசனை எங்கே பிறந்தது? ஆக்கியோன் சொல்லிவந்த கதை இது. இளம்வயதில் எடை தூக்கும்போது அவருக்கு முட்டி நொறுங்கியது; மருத்துவர்கள் கைவிரித்தார்கள்; கோஷ் ஆசனங்களால் நடக்க வைத்தார். பிறகு ஜப்பானில் சொல்லித்தரும்போது குளிர் தாங்காமல் அறையில் ஹீட்டர் வைத்தார்கள்; உடம்பு நன்றாக வளைந்தது; வழக்கமாகிவிட்டது. அவர் தம்மைப் பற்றிச் சொன்னவற்றில் பலவற்றை ஆராய்ந்தவர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். கதையை அப்படியே நம்பினாலும் ஒன்று தெரிகிறது: முட்டி குணமானது ஹீட்டர் இல்லாத கல்கத்தாவில். ஹீட்டர் வந்தது குளிரூரில், கல்கத்தாவின் வெக்கையை ஈடுகட்ட. அந்த ஹீட்டரை விருதுநகர் மாவட்டத்துக்குக் கொண்டுவருவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற வேலை.

இவ்வட்டாரத்து வெக்கை ஐந்து வகைப்படும். காசு கொடுத்து வாங்குவது ஆறாவது.

முதலாவது ஆலை வெக்கை. ராஜபாளையத்தின் நூற்பாலைகளில் பஞ்சு காய்ந்தால் இழை அறும், நிலைமின்சாரம் ஏறும். அதனால் ஈரப்பதமூட்டும் கருவி வைத்து ஸ்பின்னிங் பகுதியில் காற்றின் ஈரத்தை 55, 60 விழுக்காட்டில் நிறுத்திவைப்பார்கள். ஈரப்பதத்தில் ஆக்கியோன் விதித்த 40-ஐ நம் ஆலைகள் எப்போதோ தாண்டிவிட்டன. அதற்குள் சைடராக, அதாவது நூற்பு இயந்திரத்தைக் கவனிப்பவராக, நிற்கும் பெண் ஒரு ஷிஃப்ட் முழுக்க இயந்திரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறார். அறுந்த இழையைக் குனிந்து, எட்டி, சாய்ந்து முடிகிறார். மாதக் கட்டணம் அவர் கட்டுவதில்லை, அவருக்குத்தான் சம்பளம். வகுப்பு முடிந்ததும் சவாசனம் உண்டு என்ற விதியை மட்டும் எந்த நிர்வாகமும் ஏற்றுக்கொண்டதில்லை.

இரண்டாவது தறிக்கூட வெக்கை. சத்திரப்பட்டி வழியே போனால் விசைத்தறிச் சத்தத்தோடு சேர்ந்து வரும். இதன் சிறப்பைக் காயவியலில் காண்க.

மூன்றாவது பால்கோவா வெக்கை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே உரியது, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தின் உடன்பிறப்பு. விறகடுப்பின்மேல் பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருக்க, சர்க்கரை சேர்த்து, அடிப்பிடிக்காமல் நீளக் கரண்டியால் இடைவிடாமல் கிண்ட வேண்டும். கிண்டுபவரின் நிலை ஒன்றரைக் காலில் ஊன்றி இடுப்பைத் திருப்பி நிற்பது. எந்த யோக நூலிலும் இதற்குப் பெயர் இல்லை. இருந்தால் க்ஷீரமந்தனாசனம் என்று இருந்திருக்கும். அடுப்பின் அனல் முன்னால் மட்டும், முதுகில் வாசல் காற்று என்பதால் இதைச் சமச்சீர் வெப்பமாகக் கொள்ள முடியாது. இந்த ஆசனத்தால் வரும் கலோரிப் பலனை உண்பவர் அன்றே இழக்கிறார். செய்பவர் மட்டும் தப்பிக்கிறார், அவருக்கு அதன் வாசமே அலுத்துப்போயிருக்கும்.

நான்காவது தேர் வெக்கை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேற்கே மலையிலிருந்து காற்று வீசும் பருவம்தான். ஆனால் ரத வீதியில் ஆயிரக்கணக்கான உடம்புகளுக்கு நடுவே அந்தக் காற்றுக்கு வழி கிடைப்பதில்லை. குதிகாலை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து இழுத்து, ஒரே கூவலில் விடுவது. இதில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆசனம் வாய்க்கிறது. காசு கொடுத்து நடக்கும் வகுப்புகளில் நான் அப்படி ஓர் ஒழுங்கைக் கண்டதில்லை.

ஐந்தாவது, கரண்டு போன மதிய வெக்கை. பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் ஹாட் யோகாவைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லும்போது இந்த ஊர் அம்மாக்கள் நினைப்பது இதைத்தான். “ஏன்யா, சன்னலச் சாத்திட்டு ஃபேன நிப்பாட்டிட்டுக் குனிஞ்சு நிமிரணும், அம்புட்டுத்தானே? சித்திரை மாசம் நான் வீடு கூட்டும்போது நீ பாத்ததே இல்லையா?” உரைகாரனால் இதற்குமேல் விளக்கம் சேர்க்க இயலவில்லை.

இனி, வெக்கை உடம்பில் என்ன செய்கிறது என்பது. வியர்வை ஒரு லிட்டர் தோலின்மேல் முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். பாய்மேல் சொட்டி வீணாகும் வியர்வை எதையும் கொண்டுபோவதில்லை. ஈரப்பதம் ஏறிய அறையில் வியர்வை ஆவியாகத் தயங்குகிறது, சொட்டுகிறது. உள்ளே வெப்பம் தேங்குகிறது. உடம்பு இன்னும் வியர்க்கிறது. பாய் நனைந்ததைப் பார்த்து ‘நல்லா வேலை செஞ்சிருக்கோம்’ என்று மகிழ்வோர் உண்டு. உடம்பு குளிர முடியாமல் திணறியதன் அடையாளம் அது. மேலே சொன்ன நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இந்த வேலையை முடித்துக்கொள்கிறது. வெயில் ஏறினால் திண்ணை நிழலில் படுத்துவிடுகிறது. ஆசனம் எதுவும் போடுவதில்லை.

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை, பயிற்சியின் தொடக்கத்தில் நெருப்பருகே இருப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. பயிற்சியால் வந்த வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ளவும் சொல்கிறது. முதல் விதிப்படி ஹாட் யோகா விலக்கப்பட்டது. இரண்டாம் விதியைப் பக்கத்துப் பாய்க்காரர் ஒப்புக்கொள்வாரா என்பது ஆய்வுக்குரியது.

காயவியல்

உடற்கட்டுக்காக வருவோரைவிட வலியோடு வருவோர்தான் இந்நூலுக்கு முக்கியமான கேட்போர். “முட்டி ஜவ்வு தேஞ்சிருச்சாம்”, “டிஸ்க் விலகியிருக்காம்”, “சைக்கிள்ல விழுந்து தோள் தூக்க முடியல” என்று தொடங்குபவர்கள். ஆலையில் நின்ற கால், தறியில் குனிந்த முதுகு, பைக்கில் மதுரை போய்வந்த இடுப்பு, கோயில் படியில் பிசகிய கணுக்கால் என்று உட்பிரிவுகள் ஏராளம். விரித்தால் பெருகும்.

ஆனால் சூட்டோடு சேர்த்துப் பார்க்கையில் காயம் இரண்டே வகை: பச்சைக் காயம், பழங்காயம். பிசகி ஓரிரு நாளே ஆகி, வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடுகிற காயத்தின்மேல் மேலும் சூடு வைத்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், வீக்கமும் கூடும். அதற்கு வேண்டியது ஓய்வு, குளிர்ச்சி, கட்டு. வாரங்கள் கடந்து, வீக்கம் வற்றி, இறுகிக் கிடக்கும் தசைக்குத்தான் சூடு இதமானது. சூட்டில் தசைநார் இளகும். வலி உணர்வு மங்கும். நேற்று முட்டிக்கு எட்டாத கை இன்று கெண்டைக்கால் வரை போகும். சிக்கல் பிறப்பதும் இங்கேதான். வலி என்பது காவல்காரன். அவன் கண்ணயர்ந்த நேரத்தில் எட்டிய தூரம் மூட்டுக்கு உண்மையில் பாதுகாப்பான தூரமாக இருக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு இந்த முறையில் ‘முட்டியைப் பூட்டு’ என்று அடிக்கடி ஆணை வரும். ஜவ்வு கிழிந்தவர், முட்டி பின்னுக்கு வளையும் வாகு உள்ளவர் ஆகியோர் இந்த ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறது. புறமருந்தில் ஒற்றடம் உண்டு, வேது உண்டு, பற்று, கட்டு, தொக்கணம் உண்டு. சூட்டை அறியாத மரபு அல்ல நம்முடையது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து முதுகில் ஒற்றுவதும், நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதும் இரண்டு ஊரிலும் இன்றும் நடப்பவை. கவனிக்க வேண்டியது அளவு: வலித்த இடத்தில், பொறுக்கும் சூட்டில், சிறிது நேரம். நோயாளியை மொத்தமாக ஒன்றரை மணி நேரம் அவிக்கும் முறை அந்த 32-இல் எங்கும் காணப்படவில்லை.

மரபு சொன்னது எல்லாம் சரி என்று இதற்குப் பொருள் அல்ல. எலும்பு முறிந்த கையைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழித்துவிடும் கைங்கரியம் இன்னும் ஓயவில்லை. வீங்கினால் முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்ற எல்லாம்.

கட்டு என்ற உறுப்புக்கு இவ்வட்டாரம் உலகுக்கே ஆசான். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்வதில் பெரும்பகுதி புடவையும் வேட்டியும் அல்ல. பேண்டேஜ் துணி, காஸ் துணி. நாட்டின் பல மருத்துவமனைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. ஹாட் யோகாவில் தொடை பிடித்துக்கொண்ட கலிபோர்னியாக்காரர் காலில் சுற்றியது நம் ஊர் நெசவாக இருக்க வாய்ப்புண்டு. வெக்கையை ஏற்றுமதி செய்ய முடியாத ஊர் கட்டுத்துணியை ஏற்றுமதி செய்கிறது, வியாபாரமாகப் பார்த்தால் இதுவே நிலையானது.

இந்த அறைக்குள் நுழையக் கூடாதோர்: கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதோர், அதற்காக நீர் மாத்திரை எடுப்போர், சர்க்கரையால் பாதம் மரத்தோர், ஒருமுறை வெயில் தாக்கி விழுந்தோர். இந்தப் பட்டியலில் நகைச்சுவை எதுவும் இல்லை.

மாணாக்கரியல்

மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக வகுத்தார் நன்னூலார். முதல் இரண்டும் தலை, அடுத்த இரண்டும் இடை, மீதி நான்கும் கடை. சற்றேறக்குறைய 800 ஆண்டுக்குப் பிறகும் இந்தப் பகுப்பில் ஒன்றைக்கூட நீக்க வேண்டியதில்லை.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். இவ்வகையார் பயிற்சி வேறு, சூடு வேறு என்று பிரித்தறிவர். கதவோரம் பாய் போடுவர். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்காருவர். பசு அசைபோடும், வகுப்பில் கற்றதை வீட்டு மொட்டைமாடியில் விடியற்காலைக் காற்றில் மெதுவாகச் செய்து பார்க்கும். வலி குறைந்தது என்று யாராவது உண்மையில் சொல்லக் கேட்டால் அவர் பெரும்பாலும் இந்த வகையாக இருப்பார்.

மண் உழுபவனுக்குத் தக்கபடி விளையும். ஆசிரியர் நல்லவர் என்றால் பிழைத்தார்.

கிளி சொன்னதைச் சொல்லும். ‘டீடாக்ஸ்’ என்பது அதன் செல்லச் சொல். உடம்பின் கழிவை வெளியேற்றும் பொறுப்பு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. வியர்வையில் போவது முக்கியமாக நீரும் உப்பும். கிளியிடம் இதைச் சொன்னால் அதையும் திருப்பிச் சொல்லும், மறுநாள் பழையபடி டீடாக்ஸ்.

ஓட்டைக் குடம் ஒழுகும். வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து ஒரு கிலோ குறைந்ததாக வீட்டுக்கு போன் செய்வோர் இவர்கள். குறைந்தது நீர். இரண்டு சொம்பு மோர் குடித்ததும் திரும்பிவிடும், திரும்பவும் வேண்டும். வழியில் பால்கோவாக் கடையில் நின்றால் வட்டியோடு திரும்பும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் கவிழ்த்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும் என்பதால், மோரில் உப்புப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை மாற்றாதிருக்க.

ஆடு ஒரு செடியில் நில்லாது. திங்கள் ஜூம்பா, செவ்வாய் ஜிம், புதன் ஹாட் யோகா. எருமை குளத்தைக் கலக்கும்; வகுப்பில் போன் எடுக்கும்.

நெய்யரி, அதாவது பன்னாடை, வரிசையில் கடைசி, ஆனால் ஆபத்தில் அதுதான் முதல். பன்னாடை நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். “வலித்தால் நிறுத்துங்கள், மூச்சு முட்டினால் படுங்கள், உங்கள் அளவுக்குச் செய்யுங்கள், முடிந்தால் இன்னும் கொஞ்சம்” என்று ஆசிரியர் சொன்னால் இவர் காதில் தங்குவது ‘இன்னும் கொஞ்சம்’ மட்டுமே. பழங்காயத்தோடு வந்து பச்சைக் காயத்தோடு திரும்புவோர் இவ்வகையில் அதிகம்.

பயனியல்

பயன் உண்டா எனின், உண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் டிரேசி குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இளவயதினர் எட்டு வாரம் 24 வகுப்பு செய்தார்கள். முதுகும் தோளும் நன்கு வளைந்தன, எடை தூக்கும் வலுவும் ஓரளவு கூடியது, கொழுப்பு கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு வகுப்பில் ஆயிரம் கலோரி எரியும் என்று விளம்பரம் செய்துவந்ததை அதே குழு அளந்து பார்த்தபோது ஆண்களுக்குச் சராசரி 460, பெண்களுக்கு 330 என்று வந்தது. அவ்வளவு நேரம் விறுவிறு என்று நடந்தாலே ஏறக்குறைய அதுதான். ராஜபாளையத்துக்காரர் அய்யனார் கோயில் அருவிப் பாதையிலும், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் செண்பகத்தோப்புச் சாலையிலும் அந்த நடையை நடக்கலாம், கூடவே மலையும் கிடைக்கும்.

அற்றேல், பயன் சூட்டினாலா ஆசனத்தினாலா எனின், அதற்கும் விடை உண்டு. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டேசி ஹன்டர் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு நடுவயதினரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழு 40.5 டிகிரி செல்சியஸ் அறையில், ஒரு குழு 23 டிகிரி அறையில், அதே 26 ஆசனத்தை 12 வாரம் செய்தது. மூன்றாவது குழு சும்மா இருந்தது. ஆசனம் செய்த இரண்டு குழுவுக்கும் ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை மேம்பட்டது. சூடு அதில் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. உடம்பின் உள்வெப்பத்தை அளந்த 2015-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றிலோ, வகுப்பின் முடிவில் ஒருவருக்கு அது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. நம் வீட்டில் அந்த எண் தெர்மாமீட்டரில் வந்தால் ஆட்டோ கூப்பிடுவோம்.

ஒழிபியல்

ஆகவே ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஹாட் யோகா கூடம் திறக்க எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஆசிரியர் ஒருவரையும், வாரம் ஒருநாள் வந்து பழங்காயக்காரர்களைப் பார்த்துச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்டையும் அமர்த்துங்கள். ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பெண்களுக்குக் காலையில் ஒரு வகுப்பு பாதிக் கட்டணத்தில் வையுங்கள். அவர்களுக்குச் சூட்டில் பயிற்சி தேவையில்லை, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துப் படுக்க இடம் தேவை. சன்னல்கள் மேற்குப் பார்த்து இருக்கட்டும். மீறியும் ஹீட்டர் வாங்கியே தீருவேன் என்பவர் மார்கழி வரை பொறுக்கவும். அந்தக் குளிரில் நின்று பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம்.